‘லைஃப்டைம் ஆயில்’ போடிமெட்டு ஏறுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள், பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்க நினைப்பவர்கள், லீவுக்கு ஊருக்கு வந்து போடிமெட்டு வழியாக மூணாறு போகிறவர்கள் கடைசி வரை படியுங்கள்.

நம் பழைய மாணவர்கள் குழுவில் ஒரு தம்பி கேட்ட கேள்வியிலிருந்து இது தொடங்கியது. அவருடையது ஏழு பேர் அமரும் ஆட்டோமேட்டிக் கார், இரண்டாம் கையாக வாங்கியது, 92,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. குடும்பத்தோடு மலை ஏறும்போது கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று எச்சரிக்கை விளக்கு எரிந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பி ஒரு பட்டறையில் காட்டினார். “இது லைஃப்டைம் ஆயில் சார், வண்டி இருக்கிறவரை மாத்த வேண்டாம்” என்றார்களாம். இன்னொரு பட்டறையில், “மொத்தமா ஃப்ளஷ் பண்ணி, வெளியே ஒரு கூலர் மாட்டிரலாம், 38,000 ரூபாய் ஆகும்” என்றார்களாம். “யார் சொல்றது சரி சார்?” என்று கேட்டார்.

என் கருத்து, இரண்டு பட்டறையும் பாதிதான் சரி. நம் மலைச்சாலைக்கு ‘லைஃப்டைம் ஆயில்’ என்ற பேச்சு பொருந்தாது. அதற்காக எடுத்த எடுப்பில் கூலர் மாட்டுவதும் வைத்தியம் ஆகாது. முதலில் ஆயில், அடுத்து ஓட்டுகிற முறை, அதன்பிறகு வெப்பத்தை அளந்து பார்ப்பது, தேவைப்பட்டால் கடைசியில் கூலர். இந்த வரிசை மாறினால் பணமும் போகும், நடு மலையில் வண்டியும் நிற்கும்.

ஏன் என்று சொல்கிறேன். இயற்பியல் வாத்தியாரிடம் கேட்டால் கணக்கு இல்லாமல் பதில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மேனுவல் காரில் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கிளட்ச் தட்டு நேரடியாகப் பிடித்து இணைக்கிறது. பழைய பாணி ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. எதிரெதிரே இரண்டு மின்விசிறிகளை வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றும் அல்லவா? அதேபோலத்தான், காற்றுக்குப் பதில் எண்ணெய். எஞ்சின் பக்க இறக்கை எண்ணெயை வீசுகிறது, கியர்பாக்ஸ் பக்க இறக்கை அந்த வேகத்தை வாங்கிச் சுற்றுகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றாது. அந்த வித்தியாசத்தைத்தான் நழுவல் என்கிறோம். நழுவலில் வீணாகும் ஆற்றல் முழுவதும் எண்ணெயில் வெப்பமாக இறங்குகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். காப்புரிமை 1905-ல். அவர் காருக்காக இதைச் செய்யவில்லை, கப்பலின் நீராவி டர்பைனையும் உந்துவிசிறியையும் இணைக்கச் செய்தார். கப்பலைச் சுற்றி எப்போதும் குளிர்ந்த கடல்நீர் உண்டு. நம் காருக்கு இருப்பது முன்னால் வருகிற காற்று மட்டும்தான். கொண்டை ஊசி வளைவில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது அந்தக் காற்றும் குறைவு.

தட்டையான சாலையில் வேகமாகப் போகும்போது கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளட்ச் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பூட்டிவிடும். நழுவல் நின்றுவிடும், வெப்பமும் குறையும். மதுரை–தேனி சாலையில் மணிக்கணக்காக ஓட்டினாலும் ஒன்றும் ஆகாததற்கு அதுதான் காரணம். மலையில் வளைவுக்கு வளைவு வேகம் குறைந்து, மறுபடி அழுத்தி ஏறும்போது அந்தப் பூட்டு திறந்து திறந்து மூடும்.

இப்போது கணக்கு. முந்தலில் தொடங்கி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டு சேர்கிறோம். போடியிலிருந்து பார்த்தால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரம். வண்டி, ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து 1,800 கிலோ என்று வையுங்கள். 1,800 × 9.8 × 1,000 = 1 கோடியே 76 லட்சம் ஜூல். எடையை மேலே தூக்க மட்டும் இவ்வளவு ஆற்றல் வேண்டும். கன்வெர்ட்டர் நழுவி நழுவி நூற்றுக்கு எண்பதுதான் கடத்துகிறது என்றால், மீதி ஏறக்குறைய 44 லட்சம் ஜூல் எண்ணெயில் வெப்பமாகிறது.

கியர்பாக்ஸில் சுமார் 7 லிட்டர் எண்ணெய், எடை ஆறு கிலோ. ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 2,000 ஜூல் போதும். ஆறு கிலோவுக்கு 12,000. நாற்பத்து நான்கு லட்சத்தை 12,000-ஆல் வகுத்துப் பாருங்கள், 360 டிகிரிக்கு மேல் வரும்! வழி நெடுக அப்படி நழுவாது, பாதி நேரம்தான் நழுவும் என்றாலும் 180 டிகிரி. இது வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் வருகிற கணக்கு. வழி இருப்பதால்தான் வண்டி மேலே போய்ச் சேருகிறது. அதாவது, கம்பெனியே ஒரு கூலர் வைத்துத்தான் வண்டியைத் தருகிறது. சில வண்டிகளில் அது ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும். சிலவற்றில் கியர்பாக்ஸ் மேலேயே சிறு பெட்டியாக ஒட்டியிருக்கும், எஞ்சின் தண்ணீர் அதன் வழியாக ஓடும். “உங்க வண்டியில கூலரே இல்ல” என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள்.

இனி ஆயில் விஷயத்துக்கு வருகிறேன்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை ஏடிஎஃப் என்கிறோம். வெறும் மசகு என்று நினைக்காதீர்கள். கன்வெர்ட்டரில் விசையைக் கடத்துவது, வால்வுகளை அழுத்தத்தால் இயக்குவது, உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகள் சரியான அளவில் பிடிக்கவும் நழுவவும் வைப்பது, வெப்பத்தைச் சுமந்து வெளியே கொண்டுபோவது என்று நான்கு வேலை அதற்கு. அந்த உராய்வுக் குணத்துக்காக ஒரு காலத்தில் அமெரிக்காவில் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெயை இதில் கலந்தார்கள். 1970-களின் தொடக்கத்தில் திமிங்கல எண்ணெய்க்குத் தடை வந்தபிறகுதான் செயற்கை மாற்றுக்குப் போனார்கள். அவ்வளவு நுணுக்கமான திரவம் இது. தப்பான வகையை ஊற்றினால் சிவப்பு நிறம் ஒன்றாக இருந்தாலும் கியர் உதறும், இழுக்கும்.

இந்த எண்ணெய் 80, 90 டிகிரியில் நிம்மதியாக இருக்கும். 120-ஐத் தாண்டித் தாண்டிப் போனால் ஆக்ஸிஜனேற்றம் வேகமாகும். பத்து டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பதினொன்றாம் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? அதே விதி இங்கேயும் வேலை செய்கிறது. எண்ணெய் கறுக்கும், கருகல் வாடை வரும், உராய்வுக் குணம் கெடும், தட்டுகள் நழுவும். நழுவினால் மறுபடி வெப்பம். ஒன்றை ஒன்று வளர்க்கிற வட்டம் இது.

‘லைஃப்டைம்’ என்று எழுதுகிறவர்கள் யாருடைய ஆயுளைச் சொல்கிறார்கள்? உலகின் பெரிய கியர்பாக்ஸ் கம்பெனிகளில் ஒன்றான ஜெர்மனியின் இசட்எஃப், தன் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுக்குள், எண்ணெய் மாற்றச் சொல்கிறது. அதே பெட்டியைப் பொருத்தி விற்கும் சில கார் கம்பெனிகள் மாற்றவே வேண்டாம் என்கின்றன. செய்தவன் மாற்று என்கிறான், விற்றவன் வேண்டாம் என்கிறான். நான் செய்தவன் பக்கம்.

வண்டியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். பராமரிப்பு அட்டவணைக்குக் கீழே ‘கடினமான பயன்பாடு’ என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். மலைச்சாலை, அதிக வெயில், தூசி, டாக்ஸி ஓட்டம், பின்னால் பாரம் இழுப்பது என்று எழுதியிருப்பார்கள். போடி, தேவாரம், கம்பம், பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் அந்தப் பகுதிதான் பொருந்தும். முதல் பக்கத்து அட்டவணை சமவெளிக்காரர்களுக்கு. வாரம் தவறாமல் மலை ஏறுகிற வண்டிக்கு 60,000 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றுவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

அப்படியானால் ஃப்ளஷ் செய்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். பான் போல்ட்டைக் கழற்றினால் 7 லிட்டரில் மூன்று, நான்கு லிட்டர்தான் வடியும். மீதி கன்வெர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். அதனால்தான் இயந்திரத்தை இணைத்து மொத்தத்தையும் வெளியேற்றுகிறார்கள். அதில் இரண்டு வகை உண்டு. கியர்பாக்ஸின் சொந்த பம்ப் பழைய எண்ணெயைத் தள்ள, அதே அளவு புதியதை இயந்திரம் ஊட்டுவது ஒன்று. அது தவறில்லை. வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்து, கழுவுகிற ரசாயனமும் சேர்த்து அலசுவது இன்னொன்று. லட்சம் கிலோமீட்டர் ஓடி ஒருமுறைகூட எண்ணெய் மாற்றாத பெட்டிக்கு அது வேண்டாம் என்பேன். பல ஆண்டு தூர்வாராத கிணற்றில் பெரிய மோட்டாரை இறக்கிக் கலக்கினால் என்ன ஆகும்? அடியில் படிந்த வண்டல் எல்லாம் குழாய் வாயில் வந்து அடைக்கும். கியர்பாக்ஸில் அந்தக் குழாய் வாய் என்பது நூல் அளவு துளைகள் உள்ள வால்வு பாடி.

பழைய பெட்டிக்குப் பாதுகாப்பான வழி, வடித்து ஊற்றுவது. வடிகிற அளவை அளந்து, அதே அளவு ஊற்றி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி வடித்து ஊற்றுவது. இரண்டு மூன்று தடவையில் பெரும்பகுதி புதிதாகிவிடும். பானைக் கழற்ற முடிகிற வண்டியில் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். பானில் ஒட்டியிருக்கும் காந்தத்தை நீங்களே பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய பசை இருந்தால் கவலை வேண்டாம், அது இயல்பான தேய்மானம். பளபளவென்று சில்லுகள் இருந்தால் நோய் உள்ளே முற்றிவிட்டது, புது ஆயில் அதைக் குணமாக்காது. ஏற்கெனவே நழுவுகிற பெட்டிக்கு ஆயில் மாற்றிவிட்டு, “ஆயில் மாத்துனதாலதான் போச்சு” என்று பழி போடுவதை நிறையக் கேட்டிருக்கிறேன்.

இன்னொன்று முக்கியம். இன்றைய பல வண்டிகளில் கியர்பாக்ஸுக்கு அளவுக் கம்பி கிடையாது. எஞ்சின் ஓட, எண்ணெய் கையேட்டில் சொன்ன வெப்பநிலையில் இருக்க, அளவுத் துளையின் வழியாக வழிந்து மெல்லிய நூலாக வரும்போது மூட வேண்டும். அந்த வெப்பநிலையை ஸ்கேனரில் பார்க்காமல் குத்துமதிப்பாக ஊற்றுகிற இடத்தில் வண்டியை விடாதீர்கள். அதிகமானால் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். இரண்டிலும் கியர்பாக்ஸ் கெடும்.

அந்தத் தம்பி இப்படித்தான் இரண்டு தடவை வடித்து ஊற்றினார். முதலில் வந்தது காப்பி டிக்காக்ஷன் நிறம். அடுத்த முறை ஊருக்கு வந்து ஏறும்போது ஸ்கேனரைச் செருகிப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். நான் சொன்னபடி கீழ் கியரில் ஓட்டியதில் 104 டிகிரியைத் தாண்டவில்லை என்று செய்தி அனுப்பினார். கூலர் வாங்கவில்லை.

ஓட்டுகிற முறை என்ன?

ஏற்றத்தில் டி-யிலேயே விட்டுவிட்டு மிதிக்காதீர்கள். எல், 2, எஸ், மேனுவல் என்று உங்கள் வண்டியில் எது உண்டோ அதைப் பயன்படுத்தி இரண்டாம் கியரில் பிடித்து வையுங்கள். கீழ் கியரில் கன்வெர்ட்டரின் மேல் விழும் பாரம் குறைவு, நழுவல் குறைவு. எஞ்சின் சத்தம் போடுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது சத்தம்தான்.

எதிரே பேருந்து திரும்பும்வரை காத்திருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை லேசாக அழுத்தியபடி வண்டியைச் சரிவில் நிறுத்தி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அந்த ஒரு நிமிடத்தில் எஞ்சின் தருகிற ஆற்றல் முழுக்க எண்ணெயில்தான் இறங்குகிறது. பிரேக்கைப் பிடியுங்கள்.

எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பாதுகாப்பான அகலமான இடத்தில் நிறுத்தி, பி-யில் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். பம்ப் சுற்றினால்தான் எண்ணெய் கூலருக்குப் போய்வரும். பதறி எஞ்சினை அணைத்தால் சூடான எண்ணெய் உள்ளேயே நிற்கும். எஞ்சின் தண்ணீரே கொதிக்கிறது என்றால் மட்டும் கதை வேறு.

இறங்கும்போதும் கீழ் கியர்தான். வாழ்நாள் முழுக்கச் சமவெளியில் ஓட்டியவர்கள் டி-யில் போட்டுப் பதினேழு வளைவும் பிரேக்கை மிதித்தே இறங்குகிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போனால் அது பட்டறைச் செலவோடு முடியாது. காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மெட்டு ஏறி மாலையில் இறங்குகிற நம் ஜீப் ஓட்டுநர்களைப் பாருங்கள். எந்தக் கியரில் ஏறினார்களோ ஏறக்குறைய அதே கியரில்தான் இறங்குவார்கள்.

இனி கூலர். யாருக்குத் தேவை? ஹோம்ஸ்டே, சுற்றுலா என்று ஏழு பேரை ஏற்றித் தினமும் மெட்டு ஏறும் டார்க் கன்வெர்ட்டர் வண்டி, பின்னால் டிரெய்லர் இழுக்கிற வண்டி, புது எண்ணெயும் கீழ் கியரும் இருந்தும் ஸ்கேனரில் 115, 120 என்று அடிக்கடி காட்டுகிற வண்டி. இவர்களுக்கு வெளிக் கூலர் நல்ல முதலீடு. தண்ணீரில் குளிரும் கம்பெனிக் கூலரால் எண்ணெயை எஞ்சின் தண்ணீரின் சூட்டுக்குக் கீழே கொண்டுவர முடியாது. காற்றில் குளிரும் வெளிக் கூலரால் முடியும். இன்னொரு நன்மையும் உண்டு. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீரும் எண்ணெயும் கலந்து ரோஸ்மில்க் போலாகிவிடும், கியர்பாக்ஸ் அதோடு போச்சு. பழைய வண்டியில் அந்த அபாயத்துக்காகவே சிலர் வெளிக் கூலருக்கு மாறுகிறார்கள்.

மாட்டினால் ஒழுங்காக மாட்ட வேண்டும். கம்பெனிக் கூலரில் குளிர்ந்து திரும்பும் குழாயில்தான் இதைச் சேர்க்க வேண்டும். எண்ணெய்க்கு என்றே செய்த ஹோஸ் போட வேண்டும், பெட்ரோல் டியூபும் தண்ணீர் டியூபும் தாங்காது. ஏசி கண்டென்சரின் தகடுகளுக்கு இடையே பிளாஸ்டிக் டேக்கைச் செருகிக் கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அதிர்விலேயே அரித்து ஓட்டை போடும். இரும்புத் தாங்கி வைத்துத்தான் பொருத்த வேண்டும். கூலரும் ஹோஸும் கொள்ளும் எண்ணெயைக் கூடுதலாக ஊற்றி அளவைச் சரிபார்க்க வேண்டும். மூணாறு குளிரில் எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்து கெட்டியாகாமல் இருக்கத் தெர்மோஸ்டாட் உள்ள மாதிரியை வாங்குங்கள். ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் எல்லா இணைப்பையும் கையால் தடவிப் பாருங்கள். புலியூத்துப் பக்கம் ஒரு ஹோஸ் கழன்றால் சில நிமிடத்தில் பெட்டி காலி, வண்டி ஓரடி நகராது. வாரண்டி உள்ள வண்டி என்றால், மாட்டுவதற்கு முன் டீலரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. ‘ஆட்டோமேட்டிக்’ என்ற பெயரில் நான்கு சாதி வண்டி இருக்கிறது. 2014-ல் செலேரியோவோடு வந்து சின்னக் கார்களில் பரவிய ஏஎம்டி உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் மட்டும் தானியங்கி. அதில் டார்க் கன்வெர்ட்டரும் இல்லை, ஏடிஎஃப் கூலரும் இல்லை. ஏஎம்டி-க்குக் கூலர் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அதில் சரிவில் ஆக்ஸிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தினால் தீய்வது கிளட்ச் தட்டு. சிவிடி-க்குத் தனி எண்ணெய், ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் நழுவிப் பாழாகும். இரட்டைக் கிளட்ச் வண்டிகளில் உலர்ந்தது, எண்ணெயில் நனைந்தது என்று இரண்டு உண்டு, இரண்டுக்கும் பராமரிப்பு வேறு. பட்டறைக்குப் போகும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கார் கம்பெனிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். தேனியிலும் இடுக்கியிலும் வண்டி விற்கும்போது ‘கடினமான பயன்பாடு’ அட்டவணையைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? மூன்றாண்டு வாரண்டி முடிந்தபிறகு கியர்பாக்ஸ் போனால் செலவு வாங்கியவருடையது. லட்சக்கணக்கில் ஆகும். ஏலக்காய் விலையை நம்பிக் கடன் வாங்கி வண்டி எடுத்த குடும்பத்துக்கு அது ஓர் அறுவடையின் பணம்.

வடித்த பழைய எண்ணெயைப் பட்டறைக்காரர் எங்கே கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது கொட்டகுடி ஆற்றுக்குத்தான் போகும். டப்பாவில் சேர்த்து, மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் கீழே வண்டியின் பெயர், ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், கடைசியாகக் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியது எப்போது என்று நான்கையும் எழுதுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். நம் மாணவர்களில் பட்டறை வைத்திருக்கும் தம்பிகளும் இங்கே இருக்கிறார்கள். என் கணக்கில் பிழை தெரிந்தால் தயங்காமல் திருத்துங்கள் தம்பிகளா, வகுப்பில் கை தூக்கச் சொன்னதும் அதற்குத்தானே.

பொட்டிபுரத்திலிருந்து அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்